கிராண்ட் கேன்யன் தாளுக்கு வந்த கதை

மலையை வரைபடமாக்க வருகிறவருக்கு ஒரு வசதி உண்டு. அடிவாரத்தில் நின்றால் உச்சி தெரியும், உச்சிக்கு ஏறினால் அடிவாரம் தெரியும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன் இந்த வசதியைத் தருவதில்லை. அங்கே முதலில் போய்ச் சேருவதே உச்சிக்குத்தான். பைன் மரங்களுக்கு நடுவே சமதரையில் நடந்துகொண்டிருக்கும்போது தரை சட்டென்று முடிந்துவிடுகிறது. எதிர்விளிம்பு பதினாறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. இடையே கோபுரம் கோபுரமாக மலைகள், எல்லாமே காலுக்குக் கீழே. இத்தனையையும் குடைந்தெடுத்த கொலராடோ ஆறு ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ஓடுகிறது. விளிம்பின் பல இடங்களிலிருந்து அந்த ஆறு கண்ணிலேயே படாது.

446 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படியே போகும் பள்ளத்தாக்கில், நடுப்பகுதியை மட்டும் எடுத்து, ஆற்றையும் மலைகளையும் அதனதன் உயரத்தோடு ஒரு தாளில் இறக்கும் வேலை 1902-ல் தொடங்கியது. அந்தத் தாளின் பெயர் பிரைட் ஏஞ்சல். வரைந்தவர் ஃபிரான்சுவா மத்தேஸ். நான் பார்த்த டோப்போ ஷீட்டுகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லத் தயங்குவேன்.

அதற்கு முன்னாலும் படங்கள் இருந்தன. ராணுவ அதிகாரியான ஜோசஃப் ஐவ்ஸ் 1857-ன் கடைசியில் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற சிறு நீராவிப் படகைக் கொலராடோவின் முகத்துவாரத்தில் இறக்கி, நீரோட்டத்துக்கு எதிராக மேலே வந்தார். பிளாக் கேன்யன் பக்கம் படகு பாறையில் மோதியது. அதற்கு மேல் கோவேறு கழுதைகளோடு தரைவழிப் பயணம். பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கிப் பார்த்துவிட்டு, இது எதற்கும் உதவாத இடம், எங்களுக்குப் பிறகு வெள்ளைக்காரர் எவரும் இங்கே வரப்போவதில்லை என்ற பொருளில் அறிக்கை எழுதினார். அறிக்கை 1861-ல் அச்சாயிற்று. அவருடைய கணிப்பு பொய்த்தது போகட்டும், கூட வந்த எக்லோஃப்ஸ்டைன் என்ற ஜெர்மானியர் வரைந்த படங்கள் அழகானவை. சுண்ணச்சாந்தில் வார்த்த மாதிரியின் மேல் ஒரு பக்கமாக வெளிச்சம் விழுந்ததுபோல, மேடும் பள்ளமும் நிழலால் காட்டப்பட்டிருக்கும். ஆனால் எந்த மேடு எத்தனை அடி என்று கேட்டால் அதில் பதில் கிடையாது. பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை அவர்கள் பார்க்கவும் இல்லை.

பார்த்தவர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் ஷைலோ களத்தில் வலது கையை இழந்தவர். 1869 மே 24 அன்று, தன்னையும் சேர்த்துப் பத்துப் பேர், நான்கு படகுகளுடன் வையோமிங்கின் கிரீன் ரிவர் நகரத்திலிருந்து புறப்பட்டார். உயரத்தை அளக்க அவர்கள் நம்பியிருந்தவை காற்றழுத்தமானிகள். அவற்றை நான்கு படகுகளிலும் பிரித்து வைத்திருக்க வேண்டும். கவனக்குறைவால் எல்லாமே ‘நோ நேம்’ என்ற ஒரே படகில் போய்ச் சேர்ந்துவிட்டன. ஜூன் மாதம் லோடோர் பள்ளத்தாக்கின் அருவியில் உடைந்தது அந்தப் படகுதான். மறுநாள் இரண்டு பேர் உடைசலுக்கு அருகே போய், காற்றழுத்தமானிகளைக் கண்டெடுத்துவிட்டார்கள். ஆரவாரம் கேட்டு, ஆட்களுக்குக் கருவிகள் மேல் இவ்வளவு அக்கறையா என்று பவல் மகிழ்ந்தார். அவருக்குத் தெரியாமல் ஏற்றியிருந்த விஸ்கிப் பீப்பாயும் கூடவே கிடைத்திருந்தது.

அந்தப் பயணத்தில் படம் வரையும் பொறுப்பு ஓரமெல் ஹவ்லண்டுடையது. அதுவரை அவர் வரைந்து வைத்திருந்தது ‘நோ நேம்’ படகோடு போயிற்று. ஆகஸ்ட் 28 அன்று, இதற்கு மேல் ஆற்றை நம்ப முடியாது என்று ஹவ்லண்டும் அவர் தம்பியும் இன்னொருவரும் படகை விட்டு விளிம்பு ஏறிப் போனார்கள். மூவரும் திரும்பவே இல்லை. படகில் இருந்தவர்கள் அடுத்த இரண்டு நாளில் பத்திரமாக வெளியே வந்துவிட்டார்கள். ஆறு எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டது. படமாக ஆகவில்லை.

அதனால்தான் பவல் 1871-ல் இரண்டாவது முறை வந்தார். இந்தத் தடவை உண்மையான வேலையைச் செய்தவர் அவருடைய மைத்துனர் ஆல்மன் தாம்ப்சன். கனாப் என்ற மார்மன் குடியேற்றத்துக்கு அருகே, குளிர்காலத்தில், அளவுகோல்களை முனையோடு முனை வைத்து மைல் கணக்கில் ஒரு நேர்கோட்டை அளந்தார்கள். அந்த அடித்தளக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் பின்னிக்கொண்டு போனார்கள். 1872-ல் தாம்ப்சன் எஸ்கலான்டே ஆற்றையும் ஹென்றி மலைகளையும் படத்தில் சேர்த்தார். அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவில் கடைசியாகப் படத்தில் ஏறிய ஆறு எஸ்கலான்டேதான், கடைசியாக ஏறிய மலைத்தொடர் ஹென்றி மலைகள்தான் என்பார்கள். கூடாரத்தில் வரைந்து முடித்த படத்தைத் தகரக்குழாயில் சுருட்டி வைத்து, 1873 பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டி வரை குதிரையில் கொண்டுபோனவர் ஃபிரெட்ரிக் டெல்லன்பா. குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினேழு.

இந்த அளவைகளை வைத்து 1880களில் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை தாள்களை வெளியிட்டது. இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவு. சம உயரக் கோடுகளுக்கு இடையே 250 அடி. ஏரி வற்றும்போது கரையில் ஒவ்வொரு மட்டத்திலும் ஓர் ஈரக்கோட்டை விட்டுப் போகுமே, சம உயரக் கோடு அப்படித்தான். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் இணைத்துக்கொண்டு ஓடும். 250 அடிக்கு ஒரு கோடு போட்டால் பெரிய மலையைக் காட்டலாம். இரண்டு கோட்டுக்கு நடுவே எழுபத்தைந்து மீட்டர் செங்குத்துப் பாறை ஒளிந்துகொண்டாலும் தெரியாது. கிராண்ட் கேன்யனோ அப்படிப்பட்ட பாறைகளாலேயே ஆனது.

யாருக்கும் அது பெரிய குறையாகப் படவில்லை, ரயில் வரும்வரை. 1901 செப்டம்பரில் சாண்டா ஃபே கம்பெனியின் ரயில் தென்விளிம்புக்கே வந்துவிட்டது. முன்பு குதிரை வண்டியில் நாள் முழுக்கக் குலுங்கி வந்தவர்கள் இப்போது மெத்தை இருக்கையில் வந்து இறங்கினார்கள். சுற்றுலாக்காரர்கள், சுரங்கக்காரர்கள், நிலவியலாளர்கள் எல்லோருக்கும் நல்ல படம் தேவைப்பட்டது. அடுத்த வசந்தத்திலேயே மத்தேஸ் வந்துவிட்டார்.

மத்தேஸ் 1874-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். சிறு வயதில் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் வளர்ந்தார். பிறகு அமெரிக்கா வந்து எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்து, 1896-ல் அளவைத் துறையில் சேர்ந்தார். கை நன்றாக வரையும். நிலவியலும் தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் அந்தத் தாளின் அதிர்ஷ்டம் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

அளவு 48,000-ல் ஒன்று என்று முடிவாயிற்று. அதாவது தாளில் ஓர் அங்குலம், தரையில் நாலாயிரம் அடி. மேற்கு மாநிலங்களுக்கு அன்று வழக்கத்திலிருந்ததைவிடப் பெரிய அளவு இது. கோட்டுக்குக் கோடு 50 அடி. விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்குவதற்குள் தென்புறத்தில் மட்டும் தொண்ணூறு கோடுகள் போல வரும். அவ்வளவையும் தாளில் சில அங்குலத்துக்குள் நெருக்க வேண்டும். நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடவும் கூடாது.

விமானம் இல்லாத காலம். கையில் இருந்தது பிளேன் டேபிள். முக்காலியின் மேல் மட்டமாகப் பொருத்திய ஒரு வரைபலகை, அதில் ஒட்டிய தாள், தாளின் மேல் நகர்த்தக்கூடிய அளவுகோல், அளவுகோலின் மேல் ஒரு தொலைநோக்குக் குழல். தெரிந்த ஓர் இடத்தில் பலகையை நிறுத்தி, எதிரே தெரியும் பாறைமுனையைக் குழல் வழியே பிடித்து, அளவுகோலை ஒட்டி ஒரு கோடு இழுப்பார்கள். பிறகு சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தெரிந்த இடத்திலிருந்து அதே முனையைப் பிடித்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் தாளில் அந்த முனையின் இருப்பு. மூன்றாவது இடத்திலிருந்து இழுக்கும் கோடும் அதே புள்ளியில் போய் விழுந்தால் நிம்மதி. குழல் எத்தனை பாகை கீழே சாய்ந்தது என்பதிலிருந்தும் தூரத்திலிருந்தும் உயரம் கணக்காகும். போய்த் தொட முடியாத கோபுரத்தைத் தொடாமலே அளந்துவிடலாம்.

இதில் கிராண்ட் கேன்யன் தரும் ஒரு சலுகை, மறைக்க மரமோ மூட்டமோ இல்லாத நெடும் பார்வை. தரும் தொல்லை, ஒவ்வொரு பாறையும் தன் காலடியைத் தானே மறைத்துக்கொள்வது. நிற்கும் விளிம்புக்கு நேர் கீழே இருப்பதை அங்கிருந்து பார்க்க முடியாது, எதிர்விளிம்புக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். எனவே இரு கரையிலும் வேலை செய்தாக வேண்டும். நேர்கோட்டில் பதினாறு கிலோமீட்டர் இருக்கும் எதிர்க்கரைக்கு இன்றும் சாலைவழியாகப் போனால் சுமார் 340 கிலோமீட்டர் சுற்று.

மத்தேஸ் சுற்றவில்லை. மேற்கே வில்லியம் பாஸ் என்ற சுரங்கக்காரர், சுற்றுலா வழிகாட்டியும்கூட, தனக்கென்று ஒரு தடம் போட்டு ஆற்றில் ஒரு படகும் வைத்திருந்தார். குழு அந்த வழியாக இறங்கி, ஆற்றைக் கடந்து, ஷினுமோ ஓடையை ஒட்டி வடக்கு விளிம்பு ஏறியது. வடக்கு விளிம்பு தெற்கைவிட முன்னூறு மீட்டர் உயரம். அங்கே தங்கி வேலை பார்த்தார்கள். நவம்பர் வந்தபோது பனி விழத் தொடங்கியது, திரும்பியாக வேண்டும். எந்த வழியாக என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், பள்ளத்துக்குள்ளிருந்து களைத்துப்போன இரண்டு பேர் ஒரு கழுதையோடு மேலே ஏறி வந்தார்கள். பிரைட் ஏஞ்சல் ஓடை வழியாக ஏறி வந்தோம் என்றார்கள். கழுதை ஏறிய இடத்தில் நாம் இறங்கலாம் என்று குழு துணிந்தது. சரிவு அவ்வளவு செங்குத்து. மிருகங்கள் பின்னங்காலை மடித்துச் சறுக்கியே இறங்கின. கீழே போன பிறகு ஓடையை மட்டும் 94 தடவை குறுக்கே கடந்தார்கள். சில ஆண்டுகளில் அதே ஓடை வழியாகச் சுற்றுலாத் தடம் வந்தது. இன்று விளிம்பிலிருந்து விளிம்புக்கு நடப்பவர்கள் போகும் பாதையில் அந்த ஓடைப்பகுதி அப்படியே இருக்கிறது.

இப்போது அந்த அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். பிளேன் டேபிளில் துல்லியமாகக் கிடைப்பவை புள்ளிகள். ஒரு சிகரம், ஒரு முனை, ஓர் ஓடைச் சந்திப்பு. புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் எப்படி வளைய வேண்டும் என்பதைக் கருவி சொல்லாது. எதிரே இருக்கும் நிலத்தைப் பார்த்துப் பார்த்து அந்த இடத்திலேயே கையால் வரைய வேண்டும். பாறை தெரியாதவர் வரைந்தால் எல்லா மலையும் ஒரே மாதிரி வழவழவென்று சரியும். மத்தேஸ் பாறை தெரிந்தவர். கிராண்ட் கேன்யனின் பாறைப் படுகைகள் பெரும்பாலும் கிடையாகவே படிந்தவை. மேலே கைபாப் சுண்ணாம்புக்கல், அதற்குக் கீழே வெளிறிய கோகோனினோ மணற்கல், பிறகு ஹெர்மிட் களிப்பாறையின் சிவப்புச் சரிவு, சூபாய் படிக்கட்டுகள், அப்புறம் சுமார் 150 மீட்டர் சுவராக எழுந்து நிற்கும் ரெட்வால். கெட்டிப் பாறை செங்குத்தாக நிற்கும், மெதுப் பாறை சரியும். இந்த வரிசை பள்ளத்தாக்கு எங்கும் மாறுவதில்லை. எனவே ஒரு வளைவில் ரெட்வால் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று தெரிந்தால், கண்ணில் படாத அடுத்த வளைவிலும் கோடுகள் எங்கே நெருங்கும், எங்கே விலகும் என்று ஊகிக்கலாம். அந்தத் தாளில் கோடுகள் நெருங்கும் பட்டைகளைப் பின்தொடர்ந்து போனால், ஒரு நிறமும் தீட்டாமலேயே பாறைப் படுகைகள் கண்ணுக்குத் தெரியும். உயரத்தைக் காட்ட வரைந்த படம், பாதி நிலவியல் படமாகவும் ஆகிவிட்டது.

களத்தாள் வாஷிங்டனுக்குப் போனது. அங்கே செதுக்குபவர்கள் செப்புத் தகட்டில் இடவலம் மாற்றிக் கோடு கோடாகச் செதுக்கினார்கள். ஆறும் ஓடையும் நீலத்துக்கு ஒரு தகடு. பெயர்களும் பாதைகளும் கட்டடங்களும் கறுப்புக்கு ஒன்று. சம உயரக் கோடுகள் பழுப்புக்கு ஒன்று. பழுப்புத் தகட்டில் வேலை பார்த்தவரின் கண்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாகவே இருக்கும். தாளின் பின்பக்கத்தில் பள்ளத்தாக்கு உருவான விதத்தை மத்தேஸே எளிய நடையில் எழுதினார்.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம்மவர் இந்தத் தாளையும் கிழக்கே அதற்கு அடுத்த தாளையும் பார்த்தால் முதலில் கண் நிற்கும் இடம் அதுதான். விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள், கிருஷ்ணா ஷ்ரைன், ராமா ஷ்ரைன், மனு டெம்பிள், புத்தா டெம்பிள். கோயில் ஒன்றும் கிடையாது, எல்லாம் பாறைக் கோபுரங்கள். தொடங்கி வைத்தவர் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர். 1882-ல் வெளியான தன் பெரிய நூலில், இந்தக் கோபுரங்களின் அடுக்கும் செதுக்கும் கிழக்கத்தியக் கோயில்களை நினைவூட்டுவதாகக் கருதி விஷ்ணு, சிவா என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மத்தேஸ் பங்குக்கு ஜெர்மானியத் தெய்வமான வோட்டானும் வந்து சேர்ந்தார். அடியாழத்தில் இருக்கும், சுமார் 170 கோடி ஆண்டு வயதான கறுத்த பாறைக்கும் விஷ்ணு என்றே பெயர்.

பார்க்கப் பெருமையாக இருக்கலாம். எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் உறுத்துகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் கோடைதோறும் மக்காச்சோளமும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் ஹவாசுபாய் மக்கள். ரால்ஃப் கேமரன் என்பவர் அகலப்படுத்தி, இறங்குகிறவர்களிடம் ஒரு டாலர் சுங்கம் வாங்கிய பிரைட் ஏஞ்சல் தடம் முதலில் அவர்கள் தடம். தெய்வங்களை உலகம் முழுவதிலிருந்தும் வரவழைத்தவர்கள், இவர்கள் பயிரிட்ட இடத்துக்கு ‘இந்தியன் கார்டன்’ என்று எழுதி முடித்துக்கொண்டார்கள். அங்கே கடைசியாக வாழ்ந்த ஹவாசுபாய் மனிதரையும் 1928-ல் வெளியேற்றினார்கள். ‘ஹவாசுபாய் கார்டன்ஸ்’ என்ற பெயர் படத்தில் வர 2022 ஆயிற்று.

மத்தேஸ் தாளின் மீதிக் கதை அவ்வளவு நீளமில்லை. பிரைட் ஏஞ்சலுக்குக் கிழக்கே விஷ்ணு தாளையும் அவர் எடுத்துக்கொண்டார். மேற்குப் பகுதியை ரிச்சர்ட் எவன்ஸ் 1920களின் தொடக்கத்தில் முடித்தார். எல்லாம் சேர்ந்து தேசியப் பூங்காவின் வரைபடமாக, கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று இரண்டு தாளில் 1927-ல் வந்தது. இடையே, விளிம்பிலிருந்து துண்டு துண்டாக மட்டுமே தெரிந்த ஆற்றை அதன் மட்டத்திலேயே போய் அளக்க 1923-ல் கிளாட் பேர்ட்சை தலைமையில் படகுகள் போயின. அணை கட்ட இடம் தேடுவதுதான் நோக்கம். அவர்கள் கொண்டுபோன வானொலிப்பெட்டி பள்ளத்தாக்குக்குள்ளும் பேசியது. ஜனாதிபதி ஹார்டிங் இறந்த செய்தி அதில்தான் கிடைத்தது. ஓர் அருவிக்கு அவர் பெயர் போயிற்று. செப்டம்பரில் லாவா ஃபால்ஸ் அருகே ஆற்றுநீர் ஆறு மீட்டருக்கு மேல் உயர்ந்தபோது, இவர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று வெளியே பேச்சு. கொஞ்சம் தாமதமாக, பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

1960களில் விமானப் படங்களைக் கொண்டு வரைந்த தாள்கள் வந்தன. 1970களில் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்னும் அவர் மனைவி பார்பராவும் ஹெலிகாப்டரில் பாறைமுனைகளில் இறங்கி, லேசர் கருவியால் தூரம் அளந்து, புதிய படம் ஒன்றைத் தயாரித்தார்கள். சுவிட்சர்லாந்து வரைபடத் துறையினர் அதன் பாறைகளைக் கையால் வரைந்தார்கள். நிழல் தீட்ட மட்டும் டிபோர் டோத் என்ற ஓவியருக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. 1978 ஜூலையில் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழோடு அது வீடு வீடாகப் போனது. அழகில் அதை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அதற்குப் பின்னால் விமானமும் ஒரு பத்திரிகை நிறுவனத்தின் பணமும் இருந்தன. மத்தேஸிடம் பலகையும் கோவேறு கழுதையும்தான். அவர் பிற்பாடு யோசெமிட்டிக்குப் போய் அங்கும் படம் வரைந்து, பனியாறுகளைப் படித்து, ‘சிறு பனியுகம்’ என்ற சொல்லை 1939-ல் தந்து, 1948-ல் காலமானார்.

பிரைட் ஏஞ்சல் தாளை அளவைத் துறையின் பழைய வரைபடத் தொகுப்பில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கினால் ஆற்றைக் கண்டுபிடித்து, இரண்டு விளிம்பையும் பாருங்கள். ஆறு நடுவில் ஓடாது. தென்விளிம்பை ஒட்டியே ஓடும். வடக்கே கிளைப் பள்ளத்தாக்குகள் நீண்டு மலைக்குள் புகுந்திருக்கும், தெற்கே குட்டையாக நிற்கும். இந்த நிலம் முழுவதும் தெற்கு நோக்கி லேசாகச் சாய்ந்தது. வடக்கு விளிம்பில் விழும் மழையும் உருகும் பனியும் பள்ளத்தாக்குக்குள் ஓடி வந்து அரிக்கின்றன. தென்விளிம்பில் விழும் நீர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு எதிர்த்திசையில் போய்விடுகிறது. விளிம்பில் நின்று எத்தனை நேரம் பார்த்தாலும் இது புரியாது. கோடுகளில் உடனே தெரியும்.

இன்னொன்றும் தெரியும். வடகிழக்கிலிருந்து வரும் பிரைட் ஏஞ்சல் ஓடையும், ஆற்றுக்குத் தென்புறம் தென்மேற்கே ஏறும் கார்டன் ஓடையும் அளவுகோல் வைத்ததுபோல் ஒரே நேர்கோட்டில் கிடக்கும். அது நிலம் பிளந்து ஒரு பக்கம் உயர்ந்த பிளவுக்கோடு. எங்கும் சுவராக நிற்கும் ரெட்வால் அந்தப் பிளவை ஒட்டித்தான் நொறுங்கிக் கால்வைக்க இடம் விட்டிருக்கிறது. ஹவாசுபாய் மக்கள் தோட்டத்துக்கு இறங்கியதும், அந்தக் கழுதை மேலே ஏறியதும் அந்த நொறுங்கல் வழியாகத்தான்.